அரசனின் சட்டையை யார் தைத்தது?

'தி அதர் போலின் கேர்ள்' படத்தை நான் பார்த்ததே துணிக்காகத்தான். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து, எட்டாம் ஹென்றியின் அரசவை, உடை வடிவமைப்பு சாண்டி பவல். எனக்கு அந்தப் பெயர் போதும். 2008இல் இந்தப் படம் வந்தபோதே அவர் இரண்டு ஆஸ்கர் வாங்கியிருந்தார். தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிறவள் நான். சரித்திரப் படம் என்றால் தோள்பட்டையை எங்கே வெட்டியிருக்கிறார்கள், கையை எப்படி ஏற்றியிருக்கிறார்கள், முதுகில் நாடாவா கொக்கியா என்றுதான் முதலில் கண் போகும். கதை அப்புறம்தான்.

இந்தப் படத்தில் துணியிலிருந்தே கதைக்குள் போக வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து அரசவைப் பெண் உடுத்தும் விதம் அப்படி. உள்ளே லினன் ஸ்மாக். அதன்மேல் உடம்பை இறுக்கிப் பிடிக்கிற கர்ட்டில். அதற்கும் மேல் தரையில் புரளும் கவுன். பாவாடையின் முன்திறப்பில் தெரிகிற வேலைப்பாட்டுத் துணி தனி. முழங்கைக்குக் கீழே தெரிகிற கைப்பகுதியும் தனி. அதை நாடாவாலோ குண்டூசியாலோ பொருத்த வேண்டும். கடைசியில் தலையணி. குண்டூசி இல்லாமல் ஒருத்தியும் அறையை விட்டு வெளியே வர முடியாது. தானாக உடுத்திக்கொள்ளவும் முடியாது. பின்னால் நின்று நாடாவை இழுத்துக் கட்ட இன்னொரு பெண்ணின் கை வேண்டும். அக்காவுக்குத் தங்கை கை, தங்கைக்கு அக்கா கை. அப்படி வளர்ந்த இரண்டு பேரை ஒரே ஆணின் முன்னால் எதிரெதிரே நிறுத்துகிறார்கள் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஃபிலிப்பா கிரகரி 2001இல் எழுதிய நாவல்தான் படத்துக்கு மூலம். இயக்கம் ஜஸ்டின் சாட்விக். ஆன் போலினாக நடாலி போர்ட்மன், மேரியாக ஸ்கார்லெட் ஜோஹான்சன், ஹென்றியாக எரிக் பானா. ராணி கேத்தரினுக்கு ஆண் வாரிசு இல்லை, ராஜாவின் மனம் அலைபாய்கிறது என்று தெரிந்ததும் அப்பா தாமஸ் போலினும் தாய்மாமன் நார்ஃபோக் கோமகனும் முதலில் ஆனை அவன் கண்ணில் படும்படி நிறுத்துகிறார்கள். வேட்டையில் ராஜா குதிரையிலிருந்து விழுந்து அடிபடுகிறான். காயத்துக்கு மருந்து போட வந்த மேரிமேல் அவன் பார்வை திரும்புகிறது. அவளுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருக்கிறது. அதனாலென்ன, புருஷனுக்கும் சேர்த்துப் பதவி கொடுத்து எல்லாரையும் லண்டனுக்குக் கூட்டிப் போய்விடுகிறார்கள்.

மேரி ராஜாவின் படுக்கையிலிருந்து திரும்பிய மறுநாள் அப்பாவும் மாமாவும் அவளை உட்கார வைத்துக் கேள்வி கேட்கிற காட்சி ஒன்று வரும். என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது என்று கணக்கு கேட்கிறார்கள். நான் பார்த்த படங்களில் இவ்வளவு கேவலமான குடும்பக் கூட்டம் வேறு இல்லை. ஸ்கார்லெட் ஜோஹான்சன் அதில் ஒன்றுமே செய்வதில்லை. தலை லேசாகக் குனிகிறது, அவ்வளவுதான். தாய்மாமன் என்கிற உறவுக்கு நம்மிடம் இருக்கிற மரியாதையோடு அந்தக் காட்சியைப் பார்த்தால் வலி இரண்டு மடங்கு.

என் அக்காவும் கூட உட்கார்ந்து பார்த்தாள். எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். பாதிப் படத்தில் நான், "ஆன் இப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுக்கா, கூடப் பொறந்தவ புருஷன் மாதிரி இருக்கிறவன" என்று ஆரம்பித்தேன். அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "அவளுங்க எங்கடி சண்டை போட்டாளுங்க? அவங்கப்பன்ல மூட்டி விட்டான்" என்றாள்.

படத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது ஏறக்குறைய இதுதான். ஒரு ராஜாவின் அன்புக்காக இரண்டு சகோதரிகள் போட்டி போட்டார்கள் என்று விளம்பரம் செய்தார்கள். பதிவில் இருக்கிற சரித்திரத்தைப் புரட்டினால் அந்தப் போட்டி அங்கே இல்லை. போட்டி வேறு இடத்தில், வேறு இரண்டு பெண்களுக்கு நடுவே நடந்தது. அது ஒரு சட்டையை வைத்து நடந்தது. அதற்கு வருகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். படம் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு வருடத்துக்குள் நெருக்கிவிடுகிறது. மேரி பிள்ளை பெறும் நேரத்தில் பக்கத்து அறையில் ஆன் ராஜாவை மடக்குகிறாள். மேரியைக் கைவிடுவதாக அவன் வாக்குக் கொடுத்த கையோடு, ஆண் பிள்ளை பிறந்த செய்தி வருகிறது. அவன் குழந்தையைப் போய்ப் பார்க்கவில்லை. நாடகமாக அந்தக் காட்சியை என்னால் குறை சொல்ல முடியாது. போர்ட்மனின் முகத்தில் வெற்றியும் 'ஐயோ, என்ன செய்துவிட்டேன்' என்கிற பயமும் ஒன்றாக ஓடுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

உண்மையில் மேரிக்கும் வில்லியம் கேரிக்கும் 1520 பிப்ரவரியில் கல்யாணம். ராஜாவே கல்யாணத்துக்கு வந்து காணிக்கை வைத்தான். ராஜாவோடு மேரிக்கு இருந்த உறவு 1520களின் முதல் பாதியில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஆனைத் துரத்த ஆரம்பித்தது 1526 வாக்கில். ஆனைக் கல்யாணம் செய்தது 1533 ஜனவரியில். இரண்டாவது கதை தொடங்கும்போது முதல் கதை முடிந்துவிட்டிருந்தது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி பறித்தாள் என்று சொல்ல ஆதாரமே இல்லை. யார் மூத்தவள் என்பதிலும் படம் தலைகீழ். மேரிதான் மூத்தவள் என்று 1597இல் அவளுடைய பேரன் ஒரு பட்டத்துக்கு உரிமை கேட்டு எழுதியிருக்கிறார். படத்தில் ஆன் அக்கா, மேரி தங்கை.

ஆன் பிரான்சுக்குப் போவதையும் படம் தண்டனையாக்கிவிட்டது. ஹென்றி பெர்ஸி என்கிற பிரபு வீட்டு இளைஞனை ரகசியமாக மணந்ததற்காகக் கொஞ்ச நாள் அனுப்பி வைப்பதாகக் காட்டுகிறார்கள். அவள் நிஜத்தில் 1513இலேயே, சிறுமியாக, ஆஸ்திரியாவின் மார்கரெட் அரசவைக்குப் போனவள். அங்கிருந்து பிரான்ஸ். திரும்பியது 1521 கடைசியில். பெர்ஸி விவகாரம் அதற்கும் பிறகு. அவளுடைய மொழி, பாட்டு, நடை, தலையணி எல்லாம் வருடக்கணக்கில் ஊறி வந்தவை. ஒருத்தி அப்படி ஓர் அரசவையில் வளர்ந்தாள் என்பதைக் காட்டியிருந்தால், அவள் ராஜாவிடம் பேசுகிற தைரியத்துக்குக் காரணம் புரிந்திருக்கும். படத்தில் அது வெறும் சாமர்த்தியமாகச் சுருங்கிவிடுகிறது.

படத்தில் இல்லாத ஒரு இரவு எனக்கு மிகவும் பிடிக்கும். 1522 மார்ச் 4. கார்டினல் வோல்ஸியின் யார்க் பிளேஸ் மாளிகை. விருந்துக் கூடத்தில் பச்சையாக ஒரு பொய்க் கோட்டை கட்டியிருந்தார்கள். அதற்குள் எட்டுப் பெண்கள், எல்லாரும் வெள்ளை சாட்டினில். ஒவ்வொருத்திக்கும் ஒரு குணத்தின் பெயர். அந்தப் பெயரைத் தங்க இழையில் எம்பிராய்டரி செய்து போட்டிருந்தார்கள். ராஜாவும் அவனுடைய ஆட்களும் பேரீச்சம்பழத்தையும் ஆரஞ்சையும் எறிந்து கோட்டையைத் தாக்க, உள்ளே இருந்தவர்கள் பன்னீரும் மிட்டாயும் வீசித் தடுத்தார்கள். மேரிக்கு வந்த பெயர் 'அன்பு'. ஆனுக்கு 'விடாமுயற்சி'. எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால் 'ரொம்ப வெளிப்படையா இருக்கே' என்று சொல்லியிருப்போம், ஆனால் நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த குதிரைப் போட்டியில் ஹென்றியின் குதிரைமேல் போட்டிருந்த வெள்ளிச் சரிகைத் துணியில் காயம்பட்ட இதயமும், 'அவள் என் இதயத்தைக் காயப்படுத்திவிட்டாள்' என்று பொருள்படும் பிரெஞ்சு வரியும் வேலை செய்திருந்தது. அந்த 'அவள்' மேரிதான் என்று பலர் ஊகிக்கிறார்கள். சாண்டி பவல் கையில் இந்த இரண்டு நாளையும் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கவே ஆசையாக இருக்கிறது. வெள்ளை சாட்டினில் ஒரே மாதிரி எட்டுப் பேர். அதில் அக்கா தங்கை இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுவது தங்க இழையில் எழுதின பெயர் மட்டும்!

அக்கா தங்கை என்கிற உறவு ஹென்றிக்கு எங்கே இடித்தது என்றால், சட்டத்தில். அண்ணன் ஆர்தரின் விதவையான கேத்தரினை 1509இல் மணந்தது வேதத்துக்கு விரோதம், அதனால்தான் எனக்கு மகன் தங்கவில்லை என்று அவன் போப்பிடம் வாதாடினான். அதே சமயம், 1527இல், இன்னொரு அனுமதியும் கேட்டான். தான் மணக்கப்போகிற பெண்ணின் நெருங்கிய உறவுக்காரியோடு, அதுவும் முறையற்ற விதத்தில், தனக்குத் தொடர்பு இருந்திருந்தாலும் அந்தக் கல்யாணம் செல்லும் என்று எழுதித் தர வேண்டும் என்றான். பெயர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? அண்ணன் மனைவியைத் தொட்டது பாவம், ஆனால் மனைவியாகப் போகிறவளின் சகோதரியைத் தொட்டதற்கு விலக்கு வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் கேட்டான்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. சர் ஜார்ஜ் த்ரோக்மார்ட்டன் என்கிற நாடாளுமன்ற உறுப்பினர் ராஜா முகத்துக்கு நேரே, "நீங்கள் ஆனின் தாயோடும் சகோதரியோடும் தொடர்பு வைத்திருந்ததாக நினைக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டார். ஹென்றி சொன்ன பதில்: "தாயோடு ஒருபோதும் இல்லை." பக்கத்தில் நின்ற ராஜாவின் மந்திரி தாமஸ் குரோம்வெல் அவசரமாக, "சகோதரியோடும் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார். ராஜா மேரி விஷயத்தை மறுக்கக்கூட மெனக்கெடவில்லை. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அவனால் வந்த நல்லது கெட்டது எல்லாம் அவனுக்கு அவ்வளவுதான்.

சரி, சட்டைக்கு வருகிறேன்.

1530. ஆனும் ஹென்றியும் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. கேத்தரினை ஒதுக்கும் வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அப்போது ஹென்றி தன் சட்டைகளுக்கான துணியை யாரிடம் கொடுத்து அனுப்பினான் தெரியுமா? கேத்தரினிடம். கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டையை அவர்தான் கவனித்து வந்தார், அந்தப் பழக்கம் நிற்கவே இல்லை. விஷயம் தெரிந்து ஆன் கொதித்துப்போனதைப் புனித ரோமப் பேரரசரின் தூதர் ஷாப்வீ தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. சட்டை என்பது அந்தக் காலத்தில் உடம்போடு ஒட்டிக் கிடக்கிற உள்ளுடுப்பு. வெல்வெட்டும் சரிகையும் யார் வேண்டுமானாலும் தைக்கலாம், அதற்கு அரண்மனைத் தையல்காரர்கள் உண்டு. லினன் சட்டையும் ஸ்மாக்கும் வீட்டுப் பெண்ணின் கை வேலை. கழுத்துப் பட்டியிலும் மணிக்கட்டிலும் கறுப்புப் பட்டு இழையில் வேலை போடுவார்கள். 'ஸ்பானிய வேலை' என்றே அதற்குப் பெயர், கேத்தரினோடு சேர்த்தே அதைப் பேசுவார்கள். அந்த ஓட்டுத்தையல் போகிற வழியில் ஒன்று விட்டு ஒன்று தைத்துக்கொண்டு போய், திரும்பி வருகிற வழியில் விட்டதை நிரப்பும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், எது நல்ல பக்கம் என்றே தெரியாது. மணிக்கட்டு விளிம்பு மடங்கி உள்பக்கம் தெரிகிற இடம் அல்லவா, அதனால் அந்த முறை. ஆனுக்குப் பிறகு ஹென்றியின் ராணியான ஜேன் சீமோரை ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த படத்தில் மணிக்கட்டில் இந்த வேலை ஒவ்வொரு இழையாகத் தெரியும்; அதனாலேயே அந்தத் தையலுக்கு ஹோல்பைன் தையல் என்று பெயர் வந்தது. நான் ஒரு முறை ஒரு சாண் அகலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். நூல் எண்ணித் தைக்க வேண்டும். ஒரு இழை தப்பினால் திரும்பி வரும்போது கோடு உடைந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு அது கை கொடுக்காது.

அந்தப் பொறுமையோடு, தன்னை விலக்கப் பார்க்கிற கணவனுக்கு ஒருத்தி சட்டை தைத்திருக்கிறார். பாசமா, உரிமையா, பிடிவாதமா? மூன்றும் இருந்திருக்கும். நான் இன்னும் உன் மனைவி என்று நீதிமன்றத்தில் சொன்னதைத்தான் அவர் ஊசியிலும் சொன்னார். ஆனுக்கு அது புரிந்ததால்தான் அவ்வளவு கோபம். ராஜாவின் இதயம் தன்னிடம், கழுத்துப் பட்டி அவரிடம்!

படத்தில் இந்தக் காட்சி இல்லை. கேத்தரினாக நடித்த ஆனா டோரன்ட் மட்டும் இதைச் சொல்லாமல் சொல்கிறார். படத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம்தான். விசாரணைக்கு வரும் வழியில் இரண்டு சகோதரிகளையும் கடந்து போகும்போது நின்று ஒரு பார்வை. அந்த நிமிஷத்தில் எனக்கு மற்ற இருவருமே சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தார்கள். அவருக்கு இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும் என்று மனதார நம்புகிறேன்.

துணிச் சண்டை சட்டையோடு முடியவில்லை. 1533இல் ஆன் கர்ப்பமாக இருந்தபோது, கேத்தரின் ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்த ஞானஸ்நானத் துணியைத் தன் குழந்தைக்குக் கேட்டாள். கேத்தரின் தன் பிள்ளைகளுக்குப் போர்த்திய துணி அது. தர முடியாது என்று கேத்தரின் மறுத்துவிட்டார். எனக்கு இந்த இடத்தில் ஆன்மேல் வருத்தம்தான் வருகிறது. பட்டத்தரசியின் நகையை வாங்கிவிட்டாள், இடத்தை வாங்கிவிட்டாள். அந்த ஒரு முழத் துணி இல்லாமல் தன் பிள்ளை முறைப்படி வந்த பிள்ளை ஆகாது என்று உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 1536 ஜனவரி 7ஆம் தேதி கேத்தரின் இறந்தார். செய்தி வந்ததும் ஹென்றி தலை முதல் கால் வரை மஞ்சள் உடுத்தி வலம் வந்தான் என்று ஷாப்வீ எழுதுகிறார். அதே மாதம் 29ஆம் தேதி ஆனுக்குக் கரு கலைந்தது.

அதற்குப் பின் நடந்ததைப் படம் தன் இஷ்டத்துக்குச் சொல்கிறது. ஹென்றி ஆனைப் பலவந்தம் செய்யும் காட்சி கற்பனை. சகோதரன் ஜார்ஜோடு ஆன் பிள்ளை பெற நினைத்துப் பின் முடியாமல் விலகும் காட்சி, சகோதரனோடு தகாத உறவு என்று அவள்மேல் சுமத்தப்பட்ட பழியைப் பாதி உண்மையாக்கிவிடுகிறது. இதை நான் ஏற்கவே மாட்டேன். வாய் திறந்து மறுத்துச் செத்தவள் அவள். ஐந்நூறு வருடம் கழித்து நாம் அந்தப் பழியைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. மேரி ஓடி வந்து ராஜாவிடம் ஆன் உயிருக்குக் கெஞ்சுவதும் நடந்ததாகப் பதிவு இல்லை. நார்ஃபோக் மாமாதான் விசாரணைக்குத் தலைமை தாங்கி மருமகளுக்கு மரணத் தீர்ப்பு வாசித்தார் என்பது பதிவில் இருக்கிறது. முன்பு அவளைக் காதலித்த பெர்ஸி தீர்ப்புச் சொல்லும் பிரபுக்களில் ஒருவனாக உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் உடம்புக்கு முடியாமல் கைத்தாங்கலாக வெளியேறினான்.

1536 மே 19. ஆன் சாம்பல் நிற டமாஸ்க் அங்கி போட்டிருந்தாள். தலையில் பிரெஞ்சு ஹூட் இல்லை. முன்நெற்றி முடி தெரிய, வளைவாகப் பின்னுக்குச் சாயும் அந்தத் தலையணியோடுதான் நமக்கு அவளைத் தெரியும்; படத்தில் போர்ட்மனும் அதைப் போட்டிருக்கிறார். கடைசி நாளில் அவள் தேர்ந்தெடுத்தது கூரை முகப்பு மாதிரி முக்கோணமாக நிற்கும் ஆங்கிலத் தலையணி. கேத்தரின் போட்டுவந்தது. மேடையில் அதைக் கழற்றிவிட்டு, கழுத்து தெரியும்படி கூந்தலை ஒரு லினன் தொப்பிக்குள் ஒதுக்கினாள். கலேயிலிருந்து வரவழைத்த வாள்காரன் ஒரே வீச்சில் முடித்தான். பதினொன்றாம் நாள் ஹென்றி ஜேன் சீமோரைக் கல்யாணம் செய்தான்.

அவள் விட்டுப் போன குழந்தை எலிசபெத்துக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. அந்த வருடம் வசந்தத்தில்கூட ஆன் மகளுக்கு ஆரஞ்சு வெல்வெட் அங்கி, ஊதா சாட்டின் தொப்பி என்று வாங்கிக் குவித்திருக்கிறாள். ஜவுளி வியாபாரியின் கணக்கு இன்னும் இருக்கிறது. அம்மா செத்த பிறகு, குழந்தையைப் பார்த்துக்கொண்ட லேடி பிரையன் குரோம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குழந்தைக்குப் போட அங்கி இல்லை, கர்ட்டில் இல்லை, உள்பாவாடை இல்லை, ஸ்மாக் இல்லை, கைக்குட்டை இல்லை, பொருத்திக்கொள்ளக் கைப்பகுதி இல்லை என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். வளர்கிற பிள்ளை, பழையது சிறுத்துப் போயிருக்கும். புதிதுக்கு அளவெடுக்கச் சொல்ல ஆள் இல்லை. குழந்தைத் துணி தைத்தவர்களுக்குத் தெரியும், மூன்று மாதத்தில் எவ்வளவு உயரம் கூடும் என்று.

படத்தில் அந்தக் குழந்தையை மேரி தூக்கிக்கொண்டு அரண்மனையை விட்டு நடக்கிறாள், ஒருவரும் தடுக்கவில்லை. நடந்ததில்லை. எலிசபெத்துக்கு மூன்று மாதத்திலேயே தனி வீடும் ஆட்களும் வைத்து ஹாட்ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் படத்தின் பொய்களில் நான் மன்னிக்கிற ஒரே பொய் இதுதான். அக்கா அந்த இடத்தில் விசும்பினாள். நானும்தான்.

மேரிக்குப் படம் செய்த நல்லது, அவளை நடுவில் வைத்துக் கதை சொன்னது. கெட்டது, அவளை வெறும் வெள்ளந்தியாக்கியது. 1528இல் ஊரெல்லாம் பரவிய வியர்வைக் காய்ச்சலில் கணவன் கேரி போய்விட்டான். கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள், தலைக்கு மேல் கடன், அப்பா உதவவில்லை. மகன் ஹென்றி கேரியின் பாதுகாவல் பொறுப்பை ராஜா ஆனிடம் கொடுத்தான். இதை மேரியிடமிருந்து பிள்ளையைப் பறித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் வசதி உள்ள உறவினர் பொறுப்பேற்றுப் படிக்க வைப்பது வழக்கம்தான். நான் அதைத் தங்கைக்கோ அக்காவுக்கோ செய்கிற கடமையாகவே பார்க்கிறேன்.

1534இல் மேரி ஒரு காரியம் செய்தாள். வில்லியம் ஸ்டாஃபோர்டு என்கிற சாதாரணப் படைவீரனை யாரிடமும் சொல்லாமல் மணந்துகொண்டாள். நிலம் இல்லை, பட்டம் இல்லை, வயதிலும் அவளைவிட இளையவன். அப்போது தங்கை ராணி. ராணியின் கூடப்பிறந்தவள் இப்படிச் செய்யலாமா என்று அரசவையை விட்டுத் துரத்தினார்கள். அவள் குரோம்வெல்லுக்கு உதவி கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. கெஞ்சுகிற கடிதம்தான். ஆனால் நடுவில் முதுகு நிமிர்கிறது. உலகமே என்னைத் துச்சமாக நினைத்தது, அவர் என்னைப் பெரிதாக நினைத்தார் என்கிறாள். இதைவிட உயர்குலத்தவர் எனக்குக் கிடைத்திருக்கலாம், இவ்வளவு நேசிக்கிறவர் கிடைத்திருக்க மாட்டார் என்கிறாள். கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய ராணியாக இருப்பதைவிட அவரோடு பிச்சையெடுத்துச் சாப்பிடுவேன் என்கிறாள். தங்கை மகாராணியாக இருக்கும்போது ராஜாவின் மந்திரிக்கு இதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! படத்தில் எடி ரெட்மெய்ன் ஸ்டாஃபோர்டாக வந்து மென்மையாகச் சிரித்துவிட்டுப் போகிறார். அந்தக் கடிதம் இல்லை. மேரியின் வாயிலிருந்து வந்து நம் கைக்குக் கிடைத்த வாசகங்கள் இவைதான், அதையும் விட்டுவிட்டார்களே என்பதுதான் இந்தப் படத்தின்மேல் எனக்கு இருக்கிற பெரிய மனக்குறை.

இந்த இரண்டு பேரின் பிள்ளைகளைப் பற்றி யாராவது படம் எடுக்க வேண்டும். எலிசபெத் 1558இல் ராணியானதும் மேரியின் மகன் ஹென்றி கேரியை அடுத்த வருடமே ஹன்ஸ்டன் பிரபு ஆக்கினாள். பின்னால் ஷேக்ஸ்பியர் இருந்த நாடகக் குழுவுக்குப் புரவலராக இருந்தவர் அவர்தான். மேரியின் மகள் கேத்தரின் கேரி ராணியின் அந்தரங்கத் தோழிகளில் ஒருத்தியாக, கடைசி வரை கூடவே இருந்தாள். ராணிக்கு உடுத்திவிடுகிறவர்கள் அந்தத் தோழிகள்தான். ஆனின் மகள் முதுகில் மேரியின் மகள் நாடா கட்டியிருக்கிறாள். 1569இல் கேத்தரின் கேரி இறந்தபோது எலிசபெத் தன் செலவில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தாள். அந்தப் படம் வந்தால் அக்காவும் நானும் முதல் காட்சிக்கே போவோம். மணிக்கட்டில் கறுப்பு வேலை மட்டும் சரியாக இருக்க வேண்டும். மெஷினில் அடித்து ஒட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.